பேஸ்மென்ட்ல மகளுக்கு அறை: சுவர் ஈரத்துக்கு பெயின்ட் காணுமோ?

வடலி:
கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில 1962ல கட்டின பங்களோ, சீமெந்து புளொக் சுவர். ஊரில இருந்து அம்மா வாறா. மேல இடமில்லை எண்டு மூத்தவள் கீழ போகச் சம்மதிச்சிட்டாள். அவளுக்குத் தொய்வு இருக்கு, அதுதான் யோசனை. வடக்குச் சுவரில ரண்டு வரி புளொக் உயரத்துக்கு வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. விரலால தட்டினா மாவாக் கொட்டுது. பனி உருகேக்க சுவரும் நிலமும் சேருற இடத்தில கோடா ஈரம். பாக்க வந்தவர், உள்ளுக்கு வோட்டர்புரூவ் பெயின்ட் ரண்டு தரம் அடிச்சு ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) போட்டாச் சரி எண்டுறார். காணுமோ?

குளக்கட்டு:
தங்கச்சி, காணாது. நான் அப்பிடித்தான் செய்தனான். 2013 யூலை 8 பெய்த மழை நினைவிருக்கும், பியர்சன் விமான நிலையத்தில மட்டும் 126 மில்லிமீற்றர். பிறகு ட்ரைவோலைக் கழட்டினா, பின்னால குளிர் தடுக்க அடைச்ச பஞ்சு முழுக்க ஊறி, மரச்சட்டமெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். என்ர பெடியன் ரண்டு வருசம் அந்தச் சுவரோட தலைமாடு வைச்சுப் படுத்தவன். இப்பவும் மனம் ஆறேல்லை.

புளொக்குக்குள்ள பொந்து. வெளித்தண்ணி அதுக்குள்ள நிறைஞ்சு நிக்கும். வேலைக்கு வந்தவர் அடிவரியில ஒரு ஓட்டை போட, பைப் திறந்தமாதிரி தண்ணி வந்தது. அந்தத் தண்ணி பின்னால தள்ளேக்க பெயின்ட் கொப்பளிச்சு உரியும்.

வெளியால அத்திவாரத்தடி வரைக்கும் கிண்டி, சுவரைக் கழுவிச் சீமெந்து பூசி, தண்ணி புகாத மெம்பிரேன் ஒட்டி, மேல டிம்பிள் சீற் (குமிழ் வைச்ச பிளாஸ்ரிக் விரிப்பு) அடிச்சு, அடியில புது வீப்பிங் டைலும் (தண்ணியை வாங்கி வெளிய விடுற ஓட்டைக் குழாய்) கல்லும் போடுறதுதான் முறையான வேலை. அந்தக் காலத்துக் களிமண் குழாய் மண்ணடைச்சுப் போயிருக்கும். பக்கத்து வீடு நெருக்கமெண்டா, உள்ளுக்கு நிலத்தைச் சுவரோரமா உடைச்சு, குழாய் தாட்டு சம்ப் குழிக்கு (தண்ணி சேர்த்துப் பம்பால வெளிய இறைக்கிற குழி) விடலாம்.

அதுக்கு முதல் பீலித்தண்ணி எங்க விழுகுதெண்டு பாருங்கோ. ஆறடியாவது தள்ளி விழவேணும். மண்ணும் வீட்டுப் பக்கம் சரியக் கூடாது.

மார்கழிப்பனி:
சம்ப் பம்புக்குப் பற்றறியும் வையுங்கோ. பெருமழைக்குத்தான் கரண்டும் போறது. பாக்வோட்டர் வால்வ் சாக்கடைத் தண்ணி திரும்பி ஏறாமல் மறிக்கத்தான், சுவர்க் கசிவுக்கு உதவாது.

படுக்கையறை எண்டா யன்னலையும் பாக்கவேணும். ஒன்ராறியோ விதிப்படி நெருப்புப் பிடிச்சாத் தப்பி வெளிய வர 0.35 சதுர மீற்றர் திறப்பு, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பிள்ளை படுக்கிற இடம், இதில விட்டுக்குடுக்காதேங்கோ.

வடலி:
அண்ணை, இண்டைக்கு மழைக்குள்ள குடையோட போய்ப் பாத்தன். வடக்கு மூலைப் பீலிக்குழாயின்ர முழங்கை உடைஞ்சு, தண்ணி அப்பிடியே சுவரடியில விழுகுது. அந்த இடத்து மண் சட்டிமாதிரித் தாண்டிருக்கு. குழாயை மாத்தி ஏழடி நீட்டிப் பூட்டியிட்டம். மண் ஞாயிற்றுக்கிழமை வருது. ட்ரைவோல்காரரைப் பொறுக்கச் சொல்லியாச்சு. அடுத்த பனி உருகி முடிஞ்சு அந்த மூலை காய்ஞ்சு கிடக்கிறதைப் பாக்குமட்டும் மகளுக்கு ஹோலிலதான் படுக்கை.