கழுகுமலைக்குக் கூட வர ஆள் வேண்டும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடைக்கால அரசும் சமயமும் நடத்துகிறேன். 800இல் ரோமில் போப் மூன்றாம் லியோ பிராங்கு அரசர் சார்லமேனுக்குப் பேரரசராக முடிசூட்டினார் என்றால் கொட்டாவி விடுகிறார்கள். சரி, அதே காலத்தை நம்மூரில் காட்டலாம் என்று கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் மானூரில் ஊர்ச்சபை விதிகளைச் சொல்லும் பாண்டியர் கல்வெட்டு ஏறக்குறைய அந்தக் காலம்தான். ஊரில் நிலப்பங்கு இருக்க வேண்டும், வேதமும் ஒரு தர்ம நூலும் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் சபையில் பேசலாம். யாரை உள்ளே விடுவது என்பதில் அப்போதே எவ்வளவு கறார்!

கழுகுமலைதான் எனக்குச் சிக்கல். ஒரே மலையில் ஒரு பக்கம் பாறையைக் குடைந்து செதுக்கி, முடியாமல் நின்றுபோன வெட்டுவான் கோயில் என்னும் சிவன் கோயில். இன்னொரு பக்கம் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். பல சிற்பங்களின் கீழ் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. குரத்தியர் என்னும் பெண் துறவியர் பெயரும் உண்டு. பிள்ளைகள் கேட்டால் எனக்கு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை கூட வர முடியுமா? வண்டிச் செலவு, மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. வர முடியாவிட்டால், பாண்டியர் ஆட்சியில் சமணப் பள்ளிகளுக்கு, அதாவது துறவியர் இருப்பிடங்களுக்கு, யார் ஆதரவு கொடுத்தார்கள், அரசனா வணிகரா ஊராரா என்று எளிமையாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் இருந்தால் கீழே எழுதுங்கள். வெயில் ஏறும் முன் இறங்கிவிடுவோம்.