விலங்கியல் முடித்துவிட்டு கொசு ஆராய்ச்சிக்குப் போகலாமா?

பொருநைக்கரை:
வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஒட்டுண்ணியியல் தாளைப் படித்ததிலிருந்து யானைக்கால் நோய், மலேரியா என்றே மனம் சுற்றுகிறது. "கொசு பிடிக்கவா இவ்வளவு படிச்சே?" என்கிறார் அம்மா. இப்போது எல்லாமே பிசிஆர் எனும் டிஎன்ஏ சோதனைதான், கொசுவை அறுத்துப் பார்க்கிற வேலைக்கு இனி மதிப்பில்லை என்கிறார் ஒரு பேராசிரியர். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், முதல் சில வருடங்கள் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

வயல்வெளி:
முதலில் நெட் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு) எழுதிவிடுங்கள். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே பிஎச்.டி. செய்பவர்கள் உண்டு. மற்றதை அந்திக்கொசு அக்கா சொல்வார்.

அந்திக்கொசு:
தங்கச்சி, 26 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். தொடங்கியது விருத்தாசலம் பக்கம், மூளைக்காய்ச்சல் திட்டத்தில். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு நெல்வயலில் பிறந்து, பொழுது சாய்ந்ததும் மாட்டுத்தொழுவத்தைத் தேடி வரும். கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழாய். கூரை ஓலையிலும் வேலிப் புதரிலும் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். (குழாய்க்கு நடுவே வலைத்துணி இருக்கும், கொசு வாய்க்குள் வராது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.) வயலில் தண்ணீர் கட்டி நடவு நட்ட சில வாரத்தில் கொசு பெருகிவிடும். அதனால் ஊருக்குள் போனதும் விவசாயிகளிடம் நாங்கள் முதலில் கேட்பதே, தண்ணீர் எப்போது வரும் என்பதுதான்.

அப்புறம் அறுக்கும் வேலை. உங்கள் பேராசிரியர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு பெண் கொசு, இரண்டு ஊசி. ஓர் ஊசியால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதால் வயிற்றின் கடைசிக் கண்ணிகளை மெல்ல இழுத்தால் சூலகம் வெளியே வரும். அதைக் காயவிட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மயிரிழை போன்ற மூச்சுக்குழல்கள் நூல்கண்டாகச் சுருண்டிருந்தால் அது இன்னும் முட்டையே இடாத கொசு. சுருள் பிரிந்து கிடந்தால் ஒருமுறையாவது முட்டையிட்டது, அதாவது வயதில் மூத்தது.

இந்த வயதுதான் விஷயமே. யானைக்கால் நுண்புழு கொசுவுக்குள் போனபின், அடுத்த ஆளுக்குத் தொற்றும் பருவத்துக்கு வளர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். பெரும்பாலான கொசு அதற்குள் செத்துப்போகும். பிழைத்துக் கிடக்கிற கிழக்கொசுதான் நோயைப் பரப்புகிறது. சாதாரண பிசிஆர், கொசுவில் புழுவின் டிஎன்ஏ இருக்கிறது என்று சொல்லும். அது நேற்று ரத்தத்தோடு குடித்த நுண்புழுவா, நாளை மனித உடம்புக்குள் இறங்கப்போகிற மூன்றாம் பருவப் புழுவா என்று சொல்லாது. ஊரெல்லாம் மாத்திரை கொடுத்தபின், ஆயிரக்கணக்கான கொசுவில் மிச்சம் மீதித் தொற்றைத் தேட பிசிஆர் இல்லாமல் முடியாது, அதுவும் உண்மை. இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

இன இனமாகப் பிரித்துப் பார்க்கவும் பழகுங்கள். மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் 1895-இலிருந்து இரண்டு வருடம் மலேரியாவைக் கடத்தாத கொசுக்களைத்தான் அறுத்துக்கொண்டிருந்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், புள்ளி இறக்கைக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில்தான் அவர் தேடிய மலேரியா ஒட்டுண்ணி கிடைத்தது.

இரவுப்பணி:
நான் சுகாதாரத் துறையில் யானைக்கால் பிரிவில் இருந்தவன். நுண்புழு பகலில் பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்குழாய்களில் தங்கிவிடும், விரல் ரத்தத்தில் ராத்திரிதான் கிடைக்கும். ஆகவே தூங்கப் போகிறவர்களின் கதவைத் தட்டித்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பொறுமையாகப் பேசத் தெரியாவிட்டால் எவ்வளவு படித்திருந்தும் ஒரு ஸ்லைடுகூடக் கிடைக்காது.

பொருநைக்கரை:
நன்றி அக்கா, ஐயா. இப்போதே அறுத்துப் பழக ஏதாவது வழி உண்டா?

அந்திக்கொசு:
உண்டு. சாக்கடையிலிருந்து கொசுப்புழு எடுத்து வந்து வலை கட்டிய டப்பாவில் வளருங்கள். வெளிவருகிற கொசு இன்னும் யாரையும் கடிக்காதது, பயமில்லை. ஈதர் காட்டி மயக்கிவிட்டு அறுங்கள்.

பொருநைக்கரை:
அக்கா, இரண்டு வாரம் ஆயிற்று. நேற்றுவரை ஒன்பது கொசு வீணாகிவிட்டது. இழுத்ததும் வயிறே நடுவில் அறுந்துபோகிறது.

அந்திக்கொசு:
எனக்கும் அப்படித்தான் ஆனது. நேராக இழுக்காதீர்கள். கடைசிக் கண்ணிகளுக்குச் சற்று மேலே இரண்டு ஓரத்திலும் ஊசியால் சின்னதாகக் கீறிவிட்டு, அப்புறம் இழுங்கள். அவசரமே வேண்டாம்.

பொருநைக்கரை:
வந்துவிட்டது அக்கா! நூல்கண்டு தெரிகிறது. அம்மாவையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தேன்.