பழைய சுவரொட்டியும் ரப்பர் முகமூடியும்: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

சைதைவாசி கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். வடசென்னையில் ஒரு திரையரங்கில் நெடுங்காலம் ஆபரேட்டராக இருந்த என் பெரியப்பா விட்டுச்சென்ற இரும்புப் பெட்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு கட்டு சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், படம் வெளியானபோது தெருவில் விநியோகித்த நோட்டீசுகள், மடித்து வைத்த சில சுவரொட்டிகள், ஸ்டில் போட்டோக்கள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெட்டிய பிலிம் துண்டுகள் ஆகியவை அதில் உள்ளன. எதையும் விற்கும் எண்ணம் இல்லை. பெட்டியைத் திறந்ததிலிருந்து மேலும் சேர்க்க வேண்டும் என்ற ஆசைதான் பிடித்துக்கொண்டது.

பழம்பொருள் விற்பவர் ஒருவர் இரண்டு பொருள்களைக் காட்டியிருக்கிறார். ஒன்று, 1950-களில் வெளியான ஒரு படத்தின் அசல் சுவரொட்டி என்கிறார். தாள் பழுப்பேறி, ஓரங்கள் கிழிந்திருக்கின்றன. மற்றொன்று, 1990-களில் வந்த ஒரு படத்தில் நாயகன் முதியவர் வேடத்துக்காக அணிந்த ரப்பர் முகமூடி என்று சொல்லப்படுவது. நெற்றிச் சுருக்கம் முதல் கழுத்து வரை ஒரே துண்டாக, இன்றும் மிருதுவாக இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அவர் கேட்கும் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. இவை அசல்தானா என்று எப்படி அறிவது? மேலும், பெட்டியில் உள்ள தாள்களை லாமினேட் செய்துவிட்டால் நூறாண்டு இருக்கும் என்று எங்கள் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பைகிராஃப்ட்ஸ் சாலை எழுதுகிறார்:

பழுப்பு நிறத்தையும் கிழிசலையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். தேயிலைத் தண்ணீரில் நனைத்து மொட்டை மாடியில் காயவைத்தால் ஒரே பகலில் எந்தத் தாளும் ஐம்பது வயது கூடிவிடும். சுவரொட்டி கைக்கு வந்ததும் நாயகன் முகத்தை விட்டுவிட்டு அடி ஓரத்தைப் பாருங்கள். அச்சிட்டவர் பெயரும் ஊரும் தாளில் இருக்க வேண்டும் என்பது 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் விதியாக இருந்ததால், பழைய சுவரொட்டிகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் பொடி எழுத்தில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும். அதில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அத்தாள் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சானது. அந்த எண் முறையே அப்போதுதான் வந்தது. ‘சென்னை-26’ என்பதுபோல் சுருக்கமாக இருந்தால் மட்டும் அதற்கு முந்தையது என்று முடிவு கட்ட முடியாது. பழக்கத்தால் பிறகும் பலர் அப்படியே அச்சிட்டார்கள்.

அடுத்தது எழுத்து. லை, னை, ணை முதலியவற்றை யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு வைத்து எழுதும் பழைய வடிவங்களை மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டது 1978 அக்டோபரில். பெரியார் தம் பத்திரிகைகளில் 1935-இலேயே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்றாலும் சினிமா விளம்பரத்தில் அது பரவலாக நுழைந்தது ஆணைக்குப் பிறகுதான். படத்தின் தலைப்பைக் கையால் வரைந்த ஓவியர் பழைய வடிவத்தையே தொடர்ந்திருக்கலாம். ஆகவே தலைப்பை விட்டுவிட்டுக் கீழே அச்செழுத்தில் கோத்த சிறு வரிகளைப் பாருங்கள். பாட்டுப் புத்தகத்துக்கு விலையே போதும். அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது, ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா புழங்கிய 1957 முதல் 1964 வரையிலான காலத்தது. வெறும் ‘பைசா’ என்றால் அதற்குப் பிந்தையது.

மூன்றாவதாக, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்செட்டில் அச்சான தாளில் படப் பகுதி வரிசை தப்பாத வண்ணப் புள்ளிகளாகவும், எழுத்துகள் புள்ளியின்றி ஒரே மையில் கூரிய விளிம்போடும் தெரியும். பழைய தாளை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டிருந்தால் எழுத்துகளுக்குள்ளும் புள்ளிகள் நுழைந்திருக்கும். இங்க்ஜெட் என்றால் புள்ளிகள் தூவினாற்போல் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். மடிப்புக் கோடுகளைக் குறையாக எண்ண வேண்டாம். விநியோகஸ்தர் அலுவலகத்திலிருந்து கொட்டகைகளுக்கு இவை மடித்தேதான் போயின. நான்கு பக்கமும் மடிப்பே காணாத 1950-களின் சுவரொட்டியைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: 1950-களின் படம் வேறு, 1950-களின் சுவரொட்டி வேறு. ஓடிய படங்களை இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் மறுவெளியீடு செய்த ஊர் இது. ஒவ்வொரு முறையும் புதுச் சுவரொட்டி அச்சானது. சந்தையில் ‘அசல்’ என்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை இந்த மறுவெளியீட்டுத் தாள்கள்தான். அவை போலி அல்ல. ஆனால் முதல் வெளியீட்டின் விலைக்கு உரியவையும் அல்ல.

பேனர் துணி வாங்கும் ஆசை உங்களுக்கு வருமுன் அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி முகங்களை வரைந்தவர்கள் நம் பேனர் ஓவியர்கள். படம் மாறியதும் அந்தத் துணியின் மேல் வெள்ளையடித்து அடுத்த படத்தை வரைந்துவிடுவார்கள் என்பதால் அசல் துணிகள் மிக அரிது. யாராவது காட்டினால் வண்ணத்துக்கு அடியில் கட்டக் கோடு தெரிகிறதா, ஓரத்தில் மரச்சட்டத்தில் அடித்த ஆணித் துளைகள் உண்டா என்று பாருங்கள்.

தரமணி வாசகி எழுதுகிறார்:

லாமினேட் செய்யவே கூடாது. சூட்டில் உருகித் தாளோடு ஒன்றும் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. தாளுக்குள் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டு அதை அரிக்கும். செலோ டேப்பும் அப்படியே. சில ஆண்டுகளில் அதன் பசை தாளுக்குள் இறங்கி ஆறாத கறையாகிவிடும்.

சென்னையில் தாளுக்கு முதல் எதிரி ஈரம், அடுத்தது இராமபாணப் பூச்சி. மைதாப் பசை காய்ந்த தாள் என்றால் அப்பூச்சிக்கு விருந்து. இரும்புப் பெட்டியில் மழைக்காலத்து ஈரம் உட்புறம் படிந்து துருவும் கறையும் ஆகும். ஆகவே தாள்களை அமிலமற்ற அட்டைப் பெட்டிக்கு மாற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறையில் இடலாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் பிவிசி உறை வேண்டாம். பாட்டுப் புத்தகங்களின் துருப்பிடித்த பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். அந்துருண்டை போடுவதானால் தாளில் படாதபடி துணியில் முடிந்து போடுங்கள். சுவரில் மாட்ட விரும்பினால் நல்ல நகல் ஒன்று எடுத்து அதைச் சட்டமிடுவதே என் வழக்கம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய் வாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-இல் தொடங்கிய அந்நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் நோட்டீசுகளும் இருக்கின்றன. ஐயம் இல்லாத பழந்தாளைக் கண் நன்றாகப் பழகிவிட்டால் போலியைக் கண்டதும் ஏதோ உறுத்தும்.

கார்பன் ஆர்க் எழுதுகிறார்:

தம்பி, சுவரொட்டி நாளைக்கு ஆகட்டும். அந்த பிஸ்கட் டப்பாவை முதலில் கவனியுங்கள். அறுந்த இடத்தில் வெட்டி ஒட்டும்போது விழும் பிலிம் துண்டுகளுக்காக ஆபரேட்டர் அறை வாசலில் சிறுவர்கள் காத்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. உங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் சேர்த்திருப்பார். 1950-களின் தொடக்கம் வரை பிலிம் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பற்றும் பொருளில் தயாரானது. அது தீப்பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. சிதைந்த நிலையில் நம் ஊர் மே மாத வெப்பத்தில் தானே பற்றிக்கொள்ளவும் கூடும். துண்டின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அது இல்லாமல், பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ காரநெடியோ இருந்தால் டப்பாவை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். நிழலான வெளியிடத்தில் மூடியைத் தளர்த்தி வையுங்கள். கூரியரில் அனுப்பக் கூடாது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சேஃப்டி பிலிமிலும் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து தனியே பிரித்து வையுங்கள்.

மோல்டுக்காரன் எழுதுகிறார்:

முகமூடியைப் பற்றி நான் சொல்கிறேன்; ஒப்பனைத் துறையில் வார்ப்பு வேலை பார்த்தவன் நான். நீங்கள் எழுதியதில் இரண்டு சொற்களே எனக்குப் போதுமானவையாக இருந்தன: ‘ஒரே துண்டாக’, ‘இன்றும் மிருதுவாக’.

முதிய வேடத்துக்கு நடிகரின் முகத்தில் ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் கூழைப் பூசி அச்செடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் முகம் வார்த்து, அதன் மேல் களிமண்ணால் சுருக்கங்களைச் செதுக்கி, அந்தச் செதுக்கலுக்கு மோல்டு எடுத்து, நுரைக்க அடித்த லேடெக்ஸை (திரவ ரப்பரை) அதில் ஊற்றி அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். முகம் அசையும்போது ரப்பரும் கூடவே அசைய வேண்டும் என்பதற்காக நெற்றி, கன்னம், தாடை, கழுத்து என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்வதே வழக்கம். ஒவ்வொரு துண்டின் ஓரமும் தோலோடு கலந்து மறைய வேண்டும் என்பதால் ஈரமான வெங்காயச் சருகைவிட மெல்லியதாக இழையும். படப்பிடிப்பு முடிந்து பசையைக் கரைத்துப் பிய்க்கும்போது அந்த ஓரம் கிழிந்துபோகும். மறுநாளுக்குப் புதுத் துண்டுதான். ஆகவே உண்மையில் அணிந்த துண்டு என்றால் ஓரம் சிதைந்து, உட்புறம் பசை மிச்சம் காய்ந்து, புருவத்து மயிர் ஒன்றிரண்டு ஒட்டியே இருக்கும்.

நுரை லேடெக்ஸ் வெயிலிலும் காற்றிலும் மஞ்சளித்து இறுகி உதிரும். 1990-களின் துண்டு ஒன்று குளிரூட்டாத சென்னை வீட்டில் இன்றுவரை மிருதுவாக இருப்பது மிக அரிது. ‘அவ்வை சண்முகி’க்கு (1996) ஒப்பனை செய்தவர் மைக்கேல் வெஸ்ட்மோர், ஆஸ்கர் பெற்றவர், பின்னர் ‘தசாவதார’த்துக்கும் அவரே வந்தார். அத்தகைய கைகளிலிருந்து வந்த துண்டாகவே இருந்தாலும் ரப்பரின் ஆயுள் ரப்பரின் ஆயுள்தான்.

கண் துளைகளைச் சுற்றி ஓரம் எவ்வளவு தடிப்பு என்று பார்த்து எழுதுங்கள்.

சேர்ப்பதென்றால் என்ன சேர்க்கலாம் என்றும் கேட்பீர்கள். என் கருத்தில், நடிகர் தொட்ட பொருளைவிட வேலை நடந்த தடயம் இருக்கும் பொருளே மேல்: பிளாஸ்டர் முகவார்ப்பு, கலை இயக்குநரின் பென்சில் வரைபடம், காட்சிக்குக் காட்சி ஒப்பனை மாறாதிருக்க எடுத்த போட்டோ. வாகினி ஸ்டுடியோவில் எடுத்த ‘மாயா பஜார்’ (1957) படத்தின் துவாரகை நகரம், கோகலே, கலாதர் இருவரின் கலை இயக்கத்தில் எழுந்து, மார்கஸ் பார்ட்லியின் கேமராவுக்காக நின்ற குட்டி வீடுகளின் கூட்டம். அப்படிப்பட்ட மாதிரிகளைப் படப்பிடிப்பு முடிந்ததும் படப்பிடிப்புத் தளத்தைக் காலி செய்வதற்காக உடைத்துவிடுவதே ஸ்டுடியோக்களின் வழக்கம். மிஞ்சினால் ஒரு வரைபடம் மிஞ்சும். ‘அபூர்வ சகோதரர்க’ளின் (1989) குள்ளரான அப்பு வேடத்துக்கு, இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் பின்னாளில் விளக்கியபடி, நேர்க் கோணத்துக்கு மடித்த முழங்காலில் மாட்டும் தனிக் காலணியும், பக்கவாட்டுக் கோணத்துக்குக் காலை மறைக்கும் பள்ளமும் பயன்பட்டன. காலணியை யாராவது உங்களிடம் விற்க வரக்கூடும். பள்ளத்தை யார் விற்பது? அதை எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று குறித்த ஒரு தாள் எங்காவது கிடைத்தால் என் சேமிப்பு முழுவதையும் கொடுப்பேன்.

சைதைவாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. மீண்டும் போய்ப் பார்த்து வந்தேன். சுவரொட்டியின் அடியில் சிவகாசி அச்சகம் ஒன்றின் பெயரும், விநியோகஸ்தர் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடும் இருக்கின்றன. பொடி எழுத்தில் ‘லை’ புதிய வடிவம். லூப்பில் பார்த்தபோது எழுத்துகளில் புள்ளி இல்லை. முகங்களில் ஒழுங்கான புள்ளிகள். மடிப்பு உண்டு. முகமூடியின் கண் துளை ஓரம் என் நகத்தைவிடத் தடிமன். உள்ளே பசையே இல்லை. கார்பன் ஆர்க் ஐயா, பிலிம் துண்டுகளில் பெரும்பாலானவற்றில் ‘சேஃப்டி’ இருக்கிறது. ஐந்தாறு துண்டுகளில் எதுவும் இல்லை, ஆனால் பிசுபிசுப்போ நெடியோ இல்லை.

பைகிராஃப்ட்ஸ் சாலை எழுதுகிறார்:

ஐயமே வேண்டாம்: மறுவெளியீட்டின் உண்மையான ஆப்செட் சுவரொட்டி அது, பெரும்பாலும் 1978-க்குப் பிந்தையது. எனக்கு இத்தாள்கள் மீது தனிப் பிரியம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசி, சண்டைக் காட்சி ஸ்டில்லைப் பெரிதாக்கிப் போட்ட அந்தத் துணிச்சல் முதல் வெளியீட்டில் கிடைக்காது. வாங்குங்கள், ஆனால் பின்கோடு வரியைச் சுட்டிக்காட்டி, மறுவெளியீட்டுத் தாளுக்கான விலையைக் கேளுங்கள். ரசீதில் ‘மறுவெளியீடு’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மோல்டுக்காரன் எழுதுகிறார்:

அவ்வளவு தடித்த ஓரத்தைக் கேமரா முன் கொண்டுபோக எந்த ஒப்பனைக் கலைஞரும் துணியமாட்டார். தலைவழியாக மாட்டிக் கழற்றும் சாதாரண லேடெக்ஸ் முகமூடி அது. ஒரு ரசிகர் செதுக்கியதாக இருக்கலாம். செதுக்கல் நன்றாக இருந்து, செய்தவரின் பெயரும் தெரிந்தால், ரசிகர் படைப்பு என்ற பெயரிலேயே வாங்கலாம். 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதன்முறையாகக் காமிக் கான் என்ற ரசிகர் விழா வந்தபோது அத்தகைய கைவேலைகளைத் தேடி வாங்குபவர்கள் இங்கும் இருப்பது தெரிந்தது. நாயகன் அணிந்தது என்று சொல்லி விற்றால் வேண்டாம்.

கார்பன் ஆர்க் எழுதுகிறார்:

குறியில்லாத அந்த ஐந்தாறு துண்டுகளை நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. கொளுத்திச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். ஒவ்வொன்றையும் காகித உறையில் தனித்தனியாக இட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது இரு பக்கமும் போட்டோ எடுத்து, ஓரத் துளைகளும் விளிம்பில் உள்ள குறிகளும் தெரியும்படி இங்கே போடுங்கள். எந்தக் கம்பெனி பிலிம், ஏறக்குறைய எந்தக் காலம் என்று பார்த்துச் சொல்கிறேன்.