நேரடி விதைப்பு நெல்லில் அடங்காத குதிரைவாலிப் புல்: ஆலோசனை தேவை

நேரடியாக விதைத்த நெல் வயலில் குதிரைவாலிப் புல் என்னும் களை பயிரை முந்தி வளர்கிறது. விதைத்து ஒரு மாதம் கடந்த நிலையில், பல இடங்களில் புல்லே உயர்ந்து நின்று நெல்லுக்கு வெயில் படாமல் மறைக்கிறது. நிலம் களிமண், தண்ணீர் நிற்காத மேட்டுப் பகுதியில்தான் தொல்லை மிகுதி. நெல்லின் இலையடியில் காணப்படும் மெல்லிய நாக்கு போன்ற சவ்வு இந்தப் புல்லில் இல்லை என்பதால், அடையாளத்தில் ஐயமில்லை.

விதைத்தவுடன் மண்ணில் ஈரம் இருக்கும்போதே, களை முளைப்பதைத் தடுக்கும் பென்டிமெத்தலின் மருந்தைத் தெளித்தோம். பிறகு புல் மூன்று இலைப் பருவத்தில் இருந்தபோது நீரை வடித்துவிட்டு, முளைத்த களையைக் கொல்லும் பிஸ்பைரிபேக் சோடியம் மருந்தைப் பரிந்துரைத்த அளவில் அடித்து, மீண்டும் நீர் கட்டினோம். கோரையும் அகன்ற இலைக் களைகளும் மடிந்தன. குதிரைவாலி மட்டும் சற்றே மஞ்சளித்து, மறுபடி பசுமையாகித் தூர் கட்டிவிட்டது. கைக்களை எடுத்தால் அருகிலுள்ள நெல்லும் வேரோடு வந்துவிடுகிறது, இது மனத்தை மிகவும் வருத்துகிறது. தொடர்ந்து சில பருவங்களாக இதே பிஸ்பைரிபேக் மருந்து பயன்படுத்தப்பட்ட வயல் என்பதால், புல்லில் அதற்கு எதிர்ப்புத்திறன் உருவாகியிருக்கலாம் என்றே கருதுகிறேன்.

கதிர் விட்டு விதை உதிர்வதற்கு முன், வேறு வகையில் செயல்படும் களைக்கொல்லியான சைஹாலோபாப் பியூட்டைல் இப்படித் தூர் கட்டிய புல்லையும் கட்டுப்படுத்துமா?