கொழுக்குமலை கேம்பிங்: மடக்குக் கத்தியா, குறடா, அரிவாளா?

போடிமெட்டு:
டிசம்பரில் நண்பர்கள் நான்கு பேர் சூரியநெல்லி பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் டென்ட் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறோம். விடிவதற்கு முன் ஜீப்பில் கொழுக்குமலை, சூரிய உதயம் பார்க்க. அங்கிருந்து குமுளி வந்து, தேக்கடியில் காட்டுக்குள் மூங்கில் தெப்பத்தில் கூட்டிப் போகிறார்களே, அதற்கும் போகலாம் என்று யோசனை. சமையல் நாங்களேதான். பட்ஜெட் மூவாயிரம் ரூபாய். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி வாங்கலாமா, குறடு வைத்த மல்டி டூல் வாங்கலாமா? வீட்டில் தாத்தாவின் அரிவாள் சும்மா கிடக்கிறது, அதையே எடுத்துப் போகலாம் என்கிறான் ஒருவன்.

ஏலத்தோட்டம்:
உங்கள் நண்பன் விவரமானவன் தம்பி. மடக்குக் கத்தியெல்லாம் சாவிக்கொத்தில் மாட்டிப் படம் காட்டத்தான். வண்டன்மேடு பக்கம் மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் ஆட்களைப் பாருங்கள். கையில் இருப்பது ஒரே அரிவாள். கிளை கழிப்பது, முளைக்குச்சி சீவுவது, மத்தியானம் பலாப்பழம் பிளப்பது எல்லாம் அதில்தான். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கிக் கொடுத்தால் கொல்லர் அடித்துத் தருவார். பதம் பார்த்துத் தோய்த்த அரிவாள் கல்லில் பட்டால் வாய் கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான். ஓடைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி வேலைக்குத் தயார்.

சுருளித்தண்ணி:
அண்ணே, அவர்கள் கவாத்துக்கா போகிறார்கள்? டென்ட் போட்டுத் தங்குகிறவன் வெட்டப் போவது வெங்காயம், பால் பாக்கெட், கயிறு, மிஞ்சிப்போனால் பிளாஸ்திரி. அரிவாளால் பிளாஸ்திரி வெட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

படம் காட்டத்தான் என்கிறீர்கள். சுவிஸ் ராணுவம் 1891இல் அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டதே டின் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும்தான். கார்ல் எல்ஸ்னர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தி இன்னும் இலகுவானது, இன்றைக்கு விற்கும் சிவப்புக் கத்திக்கு அதுதான் மூலம். கத்தரியும் ரம்பமும் சேர்ந்த ஹன்ட்ஸ்மேன் மாடல் நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ரம்பம் வேண்டாம் என்றால் விலை இன்னும் இறங்கும்.

அதில் எனக்குப் பிடித்தது பிளேடு இல்லை. பிடியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் தலை தெரியும். நகத்தால் இழுத்தால் முள்வாங்கி வெளியே வரும். அந்தச் சரிவுகளில் உண்ணிச்செடி கையைக் கிழிக்காமல் விடாது. உடைந்த முள் தோலுக்குள் நின்றுவிட்டால் அன்றைக்கு அதுதான் பெரிய ஆயுதம்.

லோயர்கேம்ப்:
குமுளி மலைப்பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன். கத்தி இல்லாமல் ஒரு இரவை ஓட்டிவிடலாம், குறடு இல்லாமல் முடியாது.

முகாமில் கைப்பிடி வைத்த பாத்திரம் யாரும் கொண்டுவருவதில்லை. சோறு பொங்கும்போது துண்டைச் சுற்றி இறக்கப் பார்ப்பார்கள், துண்டு நுனி அடுப்பில் பட்டுப் பற்றும். குறட்டால் விளிம்பைக் கவ்வி, கொஞ்சம் சாய்த்துத் தூக்கினால் ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தாது. அப்புறம் டென்ட் ஜிப். பற்களைச் சேர்க்கிற ஓட்டி நகரும், ஆனால் பின்னாலேயே பல் பிரிந்துகொள்ளும். ஜிப் போய்விட்டது என்று தூக்கிப் போடுவார்கள். ஓட்டியின் வாய் அகன்றிருக்கும், அவ்வளவுதான். பின்பக்க விளிம்பை இரண்டு புறமும் குறட்டால் மெல்ல அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் உடையும், கொஞ்சம் அழுத்தி ஓட்டிப் பார்த்து மறுபடி அழுத்த வேண்டும். பல் கடித்துக்கொள்ளும். டிசம்பர் பனியில் கதவு மூடாத டென்டில் படுத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, சட்டைப்பைக் கத்தி கையில் இருந்தும் குறடு இல்லாமல் திண்டாடித்தான் இந்த யோசனைக்கே வந்தார். கடைக்கு வர 1983 ஆனது.

சுருளித்தண்ணி:
கதை சரி, விலை? லெதர்மேன் வேவ் 241 கிராம், விலையோ தம்பியின் பட்ஜெட்டைத் தாண்டிப் பல மடங்கு.

லோயர்கேம்ப்:
அதைத்தான் வாங்கு என்று யார் சொன்னது? அதே உருவத்தில் ஐந்நூறுக்குக் கிடைக்கும் நகலையும் தொடாதீர்கள் தம்பி. நாலு தடவை இறுக்கிப் பிடித்தால் கீல் ஆட்டம் கண்டுவிடும், கம்பி வெட்டும் இடம் பல் விழும். ஹார்டுவேர் கடையில் ஆறு அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்று, காய்கறிக் கத்தி ஒன்று. மிச்சப் பணத்தில் நல்ல டார்ச் வாங்குங்கள்.

இன்னொன்று. சுருளித்தண்ணி தம்பி புகழ்கிற அந்த மாடலில் பிளேடுக்குப் பூட்டு கிடையாது. முனையை ஊன்றித் துளை போடப் போனால் மடங்கி விரல்மேல் விழும்.

சுருளித்தண்ணி:
துளை போட அதிலேயே தனி ஊசி இருக்கிறது.

லோயர்கேம்ப்:
அந்த ஊசிக்கும் பூட்டு கிடையாது.

சுருளித்தண்ணி:
சரி, பூட்டு வேண்டும் என்றால் ஒப்பினெல் 8ஆம் எண். பிரெஞ்சுக் கத்தி, மரப்பிடி, பிளேடு எட்டரை சென்டிமீட்டர், கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம். பட்ஜெட்டுக்குள் வரும். ஆனால் மரம் ஈரத்தில் உப்பினால் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும், கார்பன் எஃகு வாங்கினால் எலுமிச்சை அறுத்த உடனே கறுக்கும். அந்த மலை ஈரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகில் வருவதைத்தான் எடுக்க வேண்டும்.

ஏலத்தோட்டம்:
முள்வாங்கி, ஜிப், எலுமிச்சை எல்லாம் ஆயிற்று. ராத்திரி குளிருக்கு நெருப்பு வேண்டாமா? விறகை எதால் பிளப்பீர்கள், முள்வாங்கியாலா?

செங்கோட்டை_அக்கா:
நீங்கள் எல்லாம் கத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பையன் எங்கே போகிறான் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மூங்கில் தெப்பம் என்றால் பெரியார் புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 31ஆம் பிரிவுப்படி எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆயுதம் எது என்று அந்தச் சட்டமே பட்டியல் போடுகிறது. துப்பாக்கி, வில், கண்ணி, விஷத்தோடு கத்தியும் அதில் உண்டு. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான்.

விறகும் அப்படியே. காட்டில் குச்சி ஒடிக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது? 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தச் சரிவில் மாந்தப் புல் காய்ந்து நின்றால் ஒரு பொறி போதும்.

லோயர்கேம்ப்:
அக்கா, பேனாக்கத்தியைக்கூடவா ஆயுதம் என்பார்கள்? அது அரை விரல் நீளம்.

செங்கோட்டை_அக்கா:
எத்தனை அங்குலம் என்று அந்தப் பட்டியலில் இல்லை தம்பி. அங்குலக் கணக்கு ஆயுத விதிகளில் வருவது. பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதம் என்று. அது ஊருக்குள் பொருந்தும். காட்டு வாசலில் அந்தக் கணக்கைச் சொன்னால் வனக்காவலர் சிரிப்பார்.

ஏலத்தோட்டம்:
அக்கா அந்த ஆயுத விதியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் செய்தவை விலக்கு என்று அதிலேயே இருக்கிறது. கம்பத்திலிருந்து தினமும் விடிகாலையில் ஜீப் ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு ஆட்கள் போகிறார்கள், அரிவாளோடுதான். செக்போஸ்டில் ஒருவரும் கேட்பதில்லை.

செங்கோட்டை_அக்கா:
அவர்கள் தலைத்துண்டும் தூக்குச்சட்டியுமாகப் போகிறார்கள். வண்டி தினமும் வருவது, டிரைவர் முகம் தெரிந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு வெளியூர் நம்பர் காரில் நான்கு வாலிபர்கள், டிக்கியில் கோணியில் சுற்றிய அரிவாள். எந்த விவசாயத்துக்கு என்று கேட்டால் என்ன பதில் சொல்வான்? விலக்கு இருக்கிறது என்று காலையில் நிரூபிக்கலாம். அந்த ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில்தான்.

ஏலத்தோட்டம்:
அதை நான் மறுக்கவில்லை. அரிவாள் கெட்ட சாமான் என்று சொல்லாதீர்கள், அதுதான் என் வழக்கு.

போடிமெட்டு:
தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். நெருப்புக்கு அவர்களே இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம், காய்ந்த விறகு கட்டாகக் காசுக்குத் தருகிறார்களாம். வெளியில் ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது என்றார். அதனால் அரிவாள் வீட்டிலேயே இருக்கும். கத்தரி உள்ள சின்ன சுவிஸ் கத்தி ஒன்று, ஆறு அங்குலக் குறடு ஒன்று என்று முடிவு. தேக்கடிக்குப் போகும்போது இரண்டையும் என்ன செய்வது?

செங்கோட்டை_அக்கா:
குமுளியில் அறை எடுத்தால் அங்கேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். காரில் வைப்பதாக இருந்தால் வாசலில் முதலில் கேளுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள். பையன்கள் யாராவது விமானத்தில் வருவதாக இருந்தால் கத்தி கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போட வேண்டும்.

லோயர்கேம்ப்:
குறட்டைக் காட்டுக்குள் கொண்டு போகலாமா அக்கா? அந்தப் பட்டியலில் குறடு இல்லையே.

செங்கோட்டை_அக்கா:
தெப்பத்தில் ஏறி எந்த ஜிப்பைச் சரிசெய்யப் போகிறீர்கள்?

ஏலத்தோட்டம்:
தம்பி, ஒன்று மட்டும். சூரியநெல்லி வழியில் அன்னாசிப்பழம் வாங்கினால் கடைக்காரரிடமே சீவி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சின்னக் கத்தியால் அதைச் சீவ உட்கார்ந்தால் சூரிய உதயம் போய்விடும்.

சுருளித்தண்ணி:
சீவலாம் அண்ணே. கொஞ்சம் நேரம் ஆகும்.