பத்து மாடு இருந்தால் டுட்சி, இல்லாவிட்டால் ஹூட்டு: இது உண்மையா?

நிலவன்:
ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் இரு பெரிய பிரிவுகள் ஹூட்டுவும் டுட்சியும். 1930களில் அந்நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரர்கள் ஆள்கணக்கு எடுத்தபோது, பத்து மாடு வைத்திருந்தவரை டுட்சி என்றும் மற்றவரை ஹூட்டு என்றும் எழுதிவிட்டார்கள் என்று பல இடங்களில் படிக்கிறேன். அப்படியானால் இந்தப் பிரிவே வெள்ளைக்காரன் உண்டாக்கியதுதானா?

கடலோடி:
பத்து மாட்டுக் கதையை நம்பாதீர்கள். மக்கள்தொகையில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் டுட்சி என்று பதிவானார்கள். அத்தனை பேரிடமும் பத்துப் பத்து மாடு இருந்ததே இல்லை. ஏழை டுட்சிகள் ஏராளம். பெரும்பாலும் அவரவர் சொன்னதையும், ஊர்த்தலைவர்களும் பாதிரிமாரும் சொன்னதையும் வைத்துத்தான் 1933-34ல் எழுதினார்கள்.

பிரிவு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் இரு தரப்புக்கும் மொழி ஒன்று, வழிபாடு ஒன்று, ஒரே குன்றில் பக்கத்துப் பக்கத்து வீடு. மாடும் செல்வாக்கும் சேர்ந்த ஹூட்டுக் குடும்பம் நாளடைவில் டுட்சியாக ஆவதற்கு 'க்விஹுதுரா' என்று ஒரு சொல்லே உண்டு. அடிக்கடி நடந்ததில்லை என்றாலும் வழி திறந்திருந்தது. அந்த வழியை அடைத்தது, ஆள்கணக்கை வைத்து பெல்ஜியம் கொடுத்த அடையாள அட்டை. தகப்பனுக்கு எழுதியதே பிள்ளைக்கும் என்று ஆகிவிட்டது.

ஏட்டுச்சுவடி:
சரிதான், ஆனால் பழி முழுவதையும் பெல்ஜியத்தின் மேல் போட முடியாது. 1895ல் இறந்த ருவாண்டா மன்னர் ருவாபுகிரியின் காலத்திலேயே 'உபுரெத்வா' என்ற கட்டாய வேலை ஹூட்டுகள் மேல் மட்டும் விழுந்தது, டுட்சிகளுக்கு விலக்கு. மனக்கசப்பின் வேர் அங்கே இருக்கிறது. பெல்ஜியம் அதைக் கெட்டிப்படுத்தியது. ஹூட்டுத் தலைவர்களை நீக்கி டுட்சிகளை வைத்தார்கள். 1959 வாக்கில் 45 தலைவர்களில் 43 பேர் டுட்சிகள்.

அட்டையில் 'உப்வோகோ' என்று ஒரு வரி. அதன் எதிரே ஹூட்டு, டுட்சி, த்வா (மூன்றாவதான மிகச் சிறிய பிரிவு), குடியுரிமை பெற்றவர் என அச்சிட்டு, பொருந்தாதவற்றை அடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் குலம். அபசிங்கா, அபெகா போன்ற ஒவ்வொரு குலத்திலும் ஹூட்டுவும் இருந்தார், டுட்சியும் இருந்தார். தமிழில் அதை 'இனம்' என்று எழுதும்போது இந்தச் சிக்கலே மறைந்துபோகிறது.

இன்னொன்று: டுட்சிகள் எத்தியோப்பியப் பக்கமிருந்து வந்த உயர்ந்த கூட்டம் என்று ஸ்பீக் என்ற ஆங்கிலப் பயணி 1863ல் எழுதினார். முதலில் டுட்சிகளை உயர்த்த உதவிய அந்தக் கட்டுக்கதையே பிறகு அவர்களை அந்நியராக்கியது. 1992 நவம்பரில் ஆளுங்கட்சியின் ஹூட்டு அரசியல்வாதி லியோன் முகெசேரா மேடையில் பேசும்போது, நியபரோங்கோ ஆறு வழியாக அவர்களை எத்தியோப்பியாவுக்கே அனுப்ப வேண்டும் என்றார். 1994ல் டுட்சிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது அதே ஆற்றில் அவர்களின் பிணங்கள் மிதந்தன.

நிலவன்:
1962ல் விடுதலை கிடைத்து ஹூட்டுகள் ஆட்சிக்கு வந்தார்களே, அந்த அட்டையை ஏன் ஒழிக்கவில்லை?

கடலோடி:
அவர்களுக்கும் அது தேவைப்பட்டது. பள்ளி இடத்திலும் அரசு வேலையிலும் டுட்சிகளுக்கு உச்சவரம்பு வைக்க அட்டைதான் கருவி. அட்டையில் இனத்தைக் குறிக்கும் வரியை நீக்கப்போவதாக 1990ல் ஹூட்டு அதிபர் ஹப்யரிமானா அறிவித்தார். அரசும் டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையும் 1993 ஆகஸ்டில் செய்த அருஷா சமாதான ஒப்பந்தமும் அதையே சொன்னது. இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. 1994 ஏப்ரல் 6 இரவு அவருடைய விமானம் சுடப்பட்டது. சில மணி நேரத்தில் ஹூட்டுத் தீவிரவாதிகளின் ராணுவமும் ஆயுதக் கும்பல்களும் டுட்சிகளைத் தேடித் தெருவுக்குத் தெரு தடுப்பு போட்டு முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். அட்டை இல்லாதவரை உயரத்தையும் மூக்கையும் பார்த்து முடிவுசெய்தார்கள். சுமார் 100 நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். இதை எதிர்த்த ஹூட்டுகளும் அதில் அடக்கம். பிரதமர் அகாதே உவிலிங்கியிமானா ஏப்ரல் 7 காலையிலேயே கொல்லப்பட்டார்.

ஏட்டுச்சுவடி:
இதே இரு பிரிவுகள் உள்ள பக்கத்து நாடான புருண்டியையும் சேர்த்துப் பாருங்கள் நிலவன். 1972ல் அங்கே டுட்சிகள் கையிலிருந்த ராணுவம் படித்த ஹூட்டுகளைத் தேடித் தேடிக் கொன்றது. ஒரு லட்சத்துக்கும் குறையாது. 1993 அக்டோபர் 21ல், தேர்தலில் வென்ற முதல் ஹூட்டு அதிபர் ந்தாதாயேவையும் ராணுவத்தினரே கொன்றார்கள். லட்சக்கணக்கான ஹூட்டு அகதிகள் எல்லை தாண்டி ருவாண்டாவுக்கு வந்தார்கள். "அடுத்து உன் முறை" என்ற அச்சத்தை ருவாண்டாவின் ஹூட்டுத் தீவிரவாதிகள் நடத்திய ஆர்டிஎல்எம் வானொலி நாள்தோறும் ஊட்டியபோது, கேட்டவர்களுக்கு அது நம்பக்கூடியதாக இருந்ததற்கு இதுவும் காரணம்.