பக்கத்துக் காணி விலைக்கு வருகுது: பண்ணையைப் பெருப்பிக்க வாங்கலாமா?

படுவான்கரைப் பண்ணை (கேள்வி)

இடம் மட்டக்களப்பு, வவுணதீவுப் பக்கம். 3 ஏக்கர் மேட்டுக்காணியில் 12 கறவை, 10 கிடாரியும் கன்றும் நிற்குது. ஜேர்சி, சாகிவால் கலப்பு. 2 ஏக்கரில் சீஓ-3 புல் (வெட்டிப் போடும் தீவனப் புல்). மாரியில் தீனி போதாமல் வெளியில் புல் வாங்க வேண்டியிருக்கு.

மேற்கு எல்லையோடு ஒட்டிய 5 ஏக்கர் விலைக்கு வந்திருக்கு. அதில் 2 ஏக்கர் மேடு, அரசாங்கம் கொடுத்த ஜயபூமி அளிப்பு. 3 ஏக்கர் வயல், உறுதிக்காணி. உறுதி காலஞ்சென்ற தகப்பன் பேரில். தாய் இருக்கிறார், பிள்ளைகள் நாலு பேர், ஒருவர் வெளிநாட்டில். விலை பேசுவது மூத்த மகன். வயலை முல்லைக்காரர் (மற்றவர் வயலைப் பொறுப்பெடுத்துச் செய்பவர்) ஒருவர் பல போகமாகச் செய்கிறார்.

"10 லட்சம் முற்பணம் தாங்க, வெள்ளைத்தாளில் எழுதுவம், பேர் மாற்றம் பிறகு பார்ப்பம்" என்கிறார்கள். அயல் காணிக்காரன் என்பதால் எனக்குத்தான் முதல் உரிமை என்றும் சிலர் சொல்கிறார்கள். 5 ஏக்கரும் சேர்ந்தால் எத்தனை மாடு கூட்டலாம்? எதை முதலில் பார்க்க வேண்டும்?

கச்சேரிப் படலை

முதல் உரிமைக் கதையை விடுங்கள். வாங்குவதில் முன்னுரிமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் உள்ள விடயம். அது வட மாகாணக் காணிகளுக்கு. அங்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கூட்டுப் பங்காளிக்கும் உரித்தாளருக்குமே அந்த உரிமை, வெறும் அயலவனுக்கு இல்லை. மட்டக்களப்பில் அப்படி எதுவும் கிடையாது. அவர்கள் நாளைக்கே வேறு ஆளுக்கு எழுதினாலும் நீங்கள் வழக்குப் போட முடியாது.

வெள்ளைத்தாள் வேண்டவே வேண்டாம். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாகாத காணி விற்பனைக்கு வலு இல்லை. 10 லட்சம் கொடுத்த பிறகு உங்கள் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டும்தான்.

இது ஒரு காணி அல்ல, இரண்டு. இரண்டுக்கும் வழி வேறு.

மேட்டுக்காணி: ஜயபூமி என்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அளிப்பு. பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே இல்லாமல் விற்றால் அந்த உறுதி செல்லாது. பிறகு அனுமதி எடுத்து ஒட்டுப்போடவும் முடியாது, வரிசை அதுதான்: முதலில் அனுமதி, அடுத்து உறுதி. மண்முனை மேற்குப் பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு விற்பவரோடு போய்ப் பேரேட்டில் யார் பேர் இருக்கிறது, பின்னுரித்தாளர் (பெற்றவருக்குப் பிறகு காணி போய்ச் சேர வேண்டியவர்) யார், உபபிரிவுக்கு ஆகக் குறைந்த அளவு எவ்வளவு என்று பாருங்கள். பெற்றவர் இறந்திருந்தால் பின்னுரித்து மாற்றம் முடியும் வரை விற்க ஆள் இல்லை என்று அர்த்தம். அது அளிப்பு இல்லாமல் வெறும் அனுமதிப்பத்திரம் என்று தெரியவந்தால் வாங்கும் பேச்சே வேண்டாம். பெர்மிட் காணியை விற்க முடியாது. அற்றோனித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதித் தருகிறோம் என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் கண் மூடினால் அதுவும் முடிந்தது.

வயல்: தகப்பன் உயில் எழுதவில்லை என்றால் தாய்க்குப் பாதி, நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு எட்டில் ஒன்று. இது தமிழ்க் குடும்பத்துக்குரிய கணக்கு. முஸ்லிம் குடும்பம் என்றால் பங்கு வேறு. மூத்த மகன் தனியே எழுதித் தந்தால் 3 ஏக்கரில் 60 பேர்ச்சஸ் (160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர்) அளவு பிரிக்கப்படாத பங்குதான் உங்களுக்கு வரும், அதுவும் எந்த மூலையில் என்று யாரும் காட்ட முடியாது. ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை அங்குள்ள தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கு பதிந்த தத்துவத்தின் மூலம் கையெழுத்திடலாம். எங்கள் பக்கத்தில் வயலும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்கு எழுதப்படுவது வழமை. ஆகவே பேசுகிறவரைப் பார்க்காமல் பதிவேட்டைப் பாருங்கள். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவேட்டுப் பிரதி எடுத்தால் ஏற்கனவே எழுதிக் கொடுத்த சீதனம், ஈடு, வழக்கு எல்லாம் தெரியும்.

முல்லைக்காரர் விடயம் தனியாகப் பார்க்க வேண்டியது. கமநல சேவை நிலையப் பதிவேட்டில் அவர் பேர் குத்தகைப் பயிர்ச்செய்கையாளராக இருக்கிறதா? இருந்தால் 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவரைக் காக்கும். காணி கைமாறியது என்பதற்காக அவரை எழுப்ப முடியாது. சம்பளத்துக்குப் பார்க்கிறவர், பதிவு இல்லை என்றால் நிலைமை வேறு. வாய்ச்சொல்லை நம்பாமல் பதிவைப் பாருங்கள்.

பணம் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதி, அன்றைக்கே பதிவுக்குப் போடுங்கள். விற்பனை முடியாமல் போனால் முற்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். முத்திரைத் தீர்வையையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்: முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. பெறுமதி 40 லட்சம் என்றால் 159,000 ரூபாய். குறைத்து எழுதினால் மாகாண இறைவரிக்காரர் பின்னர் மதிப்பீடு செய்து மிச்சத்தைக் கேட்பார்கள்.

மாதனைப் புல்

காணிப் பத்திரத்தை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் தீனிக் கணக்குச் சொல்கிறேன், ஏனென்றால் "5 ஏக்கர் சேருது" என்று நினைத்து மாடு வாங்கினால் பிழைக்கும்.

வயல் 3 ஏக்கரிலும் சீஓ-3 நடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நெற்காணியை மண் போட்டு நிரப்பவோ வேறு தேவைக்கு மாற்றவோ கமநல ஆணையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் சீஓ-3 தேங்கிய தண்ணீரில் அழுகும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்கும் வயல் கண்டத்தில் ஒரு மாரியோடு வேர் போய்விடும். அந்த ஈரத்தைத் தாங்குவது நீர்ப்புல்.

ஆக, கணக்கு மேட்டுக்காணியில்தான். 2 ஏக்கரில் கொட்டில், சாணக்கிடங்கு, பாதை போக 1.5 ஏக்கர், அதாவது 240 பேர்ச்சஸ் புல்லுக்கு மிஞ்சும். இரண்டு கணுத் தண்டு, வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், தண்டுக்குத் தண்டு 50. ஏக்கருக்கு ஏறத்தாழ 13,500 தண்டு வேண்டும். உங்கள் பழைய புல்லிலிருந்தே வெட்டலாம். முதல் வெட்டு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒன்று. 240 பேர்ச்சஸை 45 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 5 பேர்ச்சஸும் கொஞ்சமும். சாணமும் தண்ணீரும் குறையாமல் இருந்தால் பேர்ச்சஸுக்கு 50 கிலோ எடுக்கலாம். நாளுக்கு 260 கிலோ. கறவை ஒன்றுக்கு 35 கிலோ என்றால் 7 மாடு. உங்கள் புல் உண்மையில் எவ்வளவு தருகிறது என்று ஒரு சதுர மீற்றர் அளந்து வெட்டி, தராசில் வைத்துப் பாருங்கள். 2 கிலோ வந்தால் என் கணக்குச் சரி. 1 கிலோ என்றால் 3 மாடுதான்.

ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் தண்ணீர் இல்லாத புல் பாதியாகக் குறையும். 1.5 ஏக்கருக்குக் கிழமைக்கு 25 மில்லிமீற்றர் பாய்ச்ச நாளுக்கு 22,000 லீட்டர் வேண்டும். 12 அடி விட்டமான கட்டுக்கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் ஏறத்தாழ 3,200 லீட்டர். ஆகவே ஒரு நாளில் 7 அடி திரும்ப ஊற வேண்டும். விற்பவர் தை மாதத்தில் நிறைந்த கிணற்றைக் காட்டுவார். நீங்கள் ஆவணி, புரட்டாதியில் மோட்டர் போட்டு இறைத்து, மறுநாள் காலை கயிறு விட்டு அளவுங்கள். வாவிப் பக்கம் என்பதால் உப்பும் பாருங்கள். வரம்போரம் உமரி முளைத்திருந்தால் அந்த மண்ணில் புல் சரிவராது.

காணி மேடு என்று உறுதியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கோரை அடர்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். பனை அடியிலும் கிணற்றுக் கட்டிலும் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் என்று பாருங்கள். 2022 டிசம்பர்க் குளிர்காற்றில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. பெரும்பாலும் திறந்த வெளியில் நனைந்து நின்றவை. கொட்டில் எழும்பும் இடம் அந்தக் கோட்டுக்கு மேலேயும், வாடைக்காற்று வரும் பக்கம் அடைப்பும் இருக்க வேண்டும். சாணக்கிடங்கு கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி, பள்ளப் பக்கம்.

வட்டை வரம்பு

வேலிச் செலவையும் பாருங்கள். 5 ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 1,870 அடி. அதே 5 ஏக்கர் 165 அடி அகல நீட்டுக் காணி என்றால் 2,970 அடி. நாலு வரி முட்கம்பிக்கு 11,880 அடி, தூண் 8 அடிக்கு ஒன்று வைத்தால் 371. உங்கள் காணியோடு ஒட்டிய எல்லைக்கு வேலி தேவையில்லை, அந்த நீளம் மிச்சம். உரிமம் பெற்ற நில அளவையாளரைப் பழைய படத்தோடு பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். அளந்த பிறகுதான் கிளிசரியாக் கதியால் (உயிர்வேலிக்கு நடும் தடி). வயலுக்குப் போகும் வண்டிப்பாதை இந்த மேட்டுக்குள்ளால் போகிறதா என்பதையும் படத்தில் குறிக்க வேண்டும். பாதையை அடைத்தால் அயலவர் எல்லாரோடும் பகை.

இன்னொன்று: பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் மாடுகளை வயற்பகுதியிலிருந்து அகற்ற வேண்டிய திகதி முடிவாகும். வயல் உங்கள் பேரில் இருந்தாலும் அதற்குப் பிறகு மேய்க்க முடியாது, அயல் வேளாண்மைக்குள் போன மாட்டுக்கு நட்டம் கட்ட வேண்டி வரும்.

படுவான்கரைப் பண்ணை

எல்லாருக்கும் நன்றி. கமநலப் பதிவேட்டைப் பார்த்தாயிற்று, முல்லைக்காரர் பேர் குத்தகைக்காரராகவே இருக்கு. வயலை விட்டுவிட்டு மேட்டை மட்டும் கேட்டால் பிழையா? வைக்கல் இல்லாமல் போகுமே.

மாதனைப் புல்

அதுதான் சரி. வைக்கலுக்கு வயல் வாங்கத் தேவையில்லை, முல்லைக்காரரிடம் போகத்துக்கு முன்பே விலை பேசி வையுங்கள். 3 ஏக்கரில் பெரும்போக வைக்கல் 4,500 கிலோ வரும் என்று வைத்தாலும் 12 கறவைக்கு நாளுக்கு 4 கிலோ வீதம் மூன்று மாதம் ஓடும். வெட்டு மெசின் போன கையோடு வெயிலில் காய்ந்திருக்கும்போதே கட்ட வேண்டும், ஒரு மழை பட்டால் பூஞ்சணம். வெட்டு மாசி, பங்குனியில். உங்களுக்குத் தேவை கார்த்திகையில். ஆகவே கூரைக்குள் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்குங்கள்.

சத்துக் கூட்ட 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீட்டர் தண்ணீரில் முற்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப்புகாமல் மூன்று கிழமை மூடிவிடுங்கள். கரையாத கட்டி இருந்தால் மாட்டுக்கு நஞ்சு. கொடுக்கும் முன் ஒரு மணித்தியாலம் பரப்பி மணம் போகவிட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

கச்சேரிப் படலை

மேட்டை மட்டும் என்றால் வேலையும் பாதி. விற்பவரைக் கூட்டிக்கொண்டு காணிக் கிளைக்குப் போங்கள், அளிப்பின் மூலப் பிரதி, பெற்றவரின் அடையாள அட்டை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கையில் இருக்கட்டும். முற்பணம் அனுமதிக் கடிதத்தைக் கண்ட பிறகு. அதுவரை ஒரு கதியால்கூட நட வேண்டாம், தண்டும் வெட்ட வேண்டாம்.